சிறுவர் சித்திரமும் இணையமும்

எழுதுதல் என்னுஞ் சொல்லுக்கு நம் முன்னோர் கொண்ட பொருள் இரண்டு. ஏட்டிலே எழுத்தைப் பொறித்தலும் எழுதுதலே. சுவரிலும் துணியிலும் உருவத்தைத் தீட்டுதலும் எழுதுதலே. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழிக்கு உரியராகிய நாம், பள்ளிக்கூடத்திலே அவற்றைப் பிரித்து, ஒன்றைத் தலைமேல் வைத்துப் போற்றி, மற்றதை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடமாக ஒதுக்கிவிட்டோம். இந்நாளிலோ அக்கடைசிப் பாடத்தையும் இணையத்திடம் ஒப்படைத்து ஆறுதலடையும் போக்கு வளர்ந்து வருகின்றது. அது தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

புதுமையைக் கண்டு முகஞ்சுளிப்பவன் என்று அன்பர்கள் என்னை எண்ணிவிட வேண்டா. இணையத்தால் விளைந்த நன்மை பெரிது. நெதர்லாந்திலே அம்ஸ்ரர்டாம் நகரத்து றைக்ஸ் அரும்பொருட்சாலை, 2012 ஆம் ஆண்டிலே, தன்னிடமுள்ள கலைப்பொருள்களுள் 125,000 பொருள்களின் படங்களை எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்துமாறு இணையத்தில் வைத்தது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரும்பொருட்சாலை 2017 இல் 375,000 படங்களை அவ்வாறே உலகுக்கு வழங்கியது. கொழும்புக்குச் சென்று ஓர் ஓவியக் காட்சியைக் காண்பதே அரிதாகவிருந்த ஊர்ப்பிள்ளை, இன்று றெம்பிராண்டின் தூரிகை சென்ற தடத்தைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். நம் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னுந் தளமும் மும்மொழியிலும் பாடங்களைத் தருகின்றது. இவற்றைப் பழித்தல் நன்றியின்மையாகும்.

ஆயின், சிறுவர்க்கென்று ஆசிரியரும் பெற்றோரும் பெரும்பாலும் தேடி எடுப்பவை வேறு. எவரோ வரைந்த புறக்கோட்டுப் படத்தை அச்சிட்டு, அதனுள்ளே நிறந்தீட்டுவிக்கும் தாள்களே அவை. பனையையும் வேம்பையும் கண்டு வளரும் பிள்ளை, பனிக்கட்டியாற் செய்த மனிதனின் தொப்பிக்குச் சிவப்பு நிறம் பூசுகின்றது. கோட்டைத் தாண்டாமற் பூசினால் கெட்டிக்காரப் பிள்ளை, தாண்டினால் பிழை. இதனாற் கைக்கு ஓரளவு பயிற்சி உண்டாதலை மறுக்கேன். ஆனால், எதனை வரைவது, எங்கே தொடங்குவது, எதனை விடுவது என்னும் எண்ணமெல்லாம் முன்னரே வேறொருவரால் முடிக்கப்பட்டுவிட்டன. வாக்கியங்களைத் தாமே எழுதிக்கொடுத்து, பெயர்ச்சொற்களின் கீழே கோடிடச் செய்துவிட்டு, "கட்டுரை கற்பித்தேன்" என்று ஓர் ஆசிரியர் கூறினால் நாம் ஒப்புவோமா?

இக்குற்றத்தினின்று யானும் நீங்கியவன் அல்லேன். 2020 மார்ச்சிலே நோய்த்தொற்றினாற் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பின்னர், தமிழ்ப்பாடத்தோடு, சிறுவர்க்குப் பொழுதும் போகட்டுமே என்று, இணையத்திலிருந்து எடுத்த ஒட்டகச்சிவிங்கிப் படமொன்றை வட்ஸ்அப் வழியே அனுப்பினேன். திரும்பி வந்தவை பெரும்பாலும் ஒன்றுபோலவேயிருந்தன. ஒரு மாணவியின் வீட்டிலே அச்சுப்பொறி இல்லை. இருந்த ஒரு தொலைபேசியும் தகப்பனாரோடு வேலைக்குச் சென்று மாலையிலே திரும்புவது. அச்சிறுமி பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்திலே தன் வீட்டுக் கிணற்றடியை வரைந்திருந்தாள். பாட்டனார் காலத்துத் துலா தாளுக்குள் அடங்காமையால், மற்றொரு தாளை மேலே ஒட்டி அதனை நீட்டியிருந்தாள். "ஐயா, ஒட்டகச்சிவிங்கியை நான் காணவில்லை, எங்கள் துலாவைத்தான் கண்டிருக்கிறேன்" என்று ஓரத்திலே ஒரு குறிப்பும் இருந்தது. அன்று பாடங் கேட்டவன் யானே.

இதனாற் படங்காட்டுதலே தீதென்பது கருத்தன்று. காட்டிவிட்டு நாம் அகன்றுவிடுதலே தீது. பரிபாடலின் 19 ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைப் பற்றிக் கூறுகின்றது. ஆங்குச் சென்றோர் தீட்டப்பட்ட உருவங்களைக் கண்டு, இவர் யாவர் என வினவுவதும், உடன்வந்தோர் இவன் காமன், இவள் இரதி, இவள் அகலிகை என விடைபகர்வதும் அப்பாட்டிலே வருகின்றன. படத்தினருகே வினா இருந்தது. விடைசொல்ல ஆளும் இருந்தார். இணையம் படத்தை நம் வாயிலிற் கொணர்ந்து வைக்கின்றது. பிள்ளையின் பக்கத்திலே அமர்ந்து, அதன் வினாவைக் கேட்கும் ஆளாக நாமே இருத்தல் வேண்டும்.

மேலே குறித்த றைக்ஸ் அரும்பொருட்சாலையினரும், 2015 ஆம் ஆண்டிலே, காணவருவோர் தொலைபேசியாற் படம்பிடித்துக்கொண்டு விரைந்து போதலைக் கண்டு, அதனை விட்டுப் பென்சிலால் வரைந்து பாருங்கள் என்று அழைத்தனர். இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களை இணையத்தில் ஈந்தவர்களே இவ்வாறு அழைத்தனர் என்பது நம் சிந்தனைக்குரியது. வரையப் புகும்போதுதான் கண் உள்ளபடி காண்கின்றது.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. வகுப்பிலே ஒரேயொரு தொலைபேசி போதும். ஒரு நல்ல படத்தைத் தெரிந்தெடுத்து, பத்து நிமிடம் எல்லோரும் பார்க்கச் செய்க; வினவச் செய்க; பின்னர்த் திரையை மூடி வெற்றுத்தாளைக் கொடுக்க. படம் பிறநாட்டதாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938 இல் வின்சர் கலைக்கழகத்தைத் தொடக்கினார்கள். பின்வந்த ஓவியர் அ. மாற்கு அவர்கள் இளையோர் பலருக்குச் சித்திரம் கற்பித்தார்கள். இத்தகையோரின் ஓவியங்களையும், நம்மூர்த் தேர்ச்சிற்பங்களையும், வாகனங்களையும், சீலைகளையும் சிறுவர்க்கேற்ற வினாக்களோடு நல்ல தமிழில் இணையத்தில் ஏற்றுதல் நம் கடன். 2005 முதல் நூலகம் என்னும் மின்னூற்களஞ்சியம் ஈழத்து நூல்களுக்கு அப்பணியைச் செய்து காட்டியிருக்கின்றது.

வெற்றுத்தாளைக் கண்டு அஞ்சாத பிள்ளை, நாளை அத்தாளிலே தன் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதவும் அஞ்சாது. எழுதுதல் என்னுஞ் சொல்லின் இருபொருளும் அங்கே மீண்டும் ஒன்றாகும். வருந் தவணையிலே தமிழாசிரியரும் சித்திர ஆசிரியரும் ஒரு பாடவேளையேனும் ஒருங்கிருந்து இதனைச் செய்து பார்ப்பாராக.