ஜஸ்டின் கொடுத்த மனு

போன மாதம் எங்கள் சபைக் கமிட்டி கூடி, ஊருக்கு வரவிருந்த அமைச்சரிடம் கொடுக்க ஒரு மனு தயாரித்தது. பழைய தாலுகா ஆபீஸ்காரன் என்பதால் என்னிடம் வாசிக்கத் தந்தார்கள். முதல் பத்தி முழுக்க அமைச்சரின் புகழ். இரண்டாவதில் நம்மிடம் எத்தனை ஓட்டு இருக்கிறது என்ற கணக்கு. மூன்றாவதில்தான் விஷயம்: சபை நடத்தும் விடுதியின் வரவு செலவை அதிகாரிகள் கேட்பது நம் விசுவாசத்தின் மேல் நடக்கும் தாக்குதலாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 34 வருஷம் மனு வாங்கியே காலம் தள்ளியவன் நான். விசுவாசத்துக்காக அரசிடம் எழுதப்பட்ட மனு ஒன்றை இவர்கள் பார்த்திருக்கிறார்களா?

ஏறக்குறைய கி.பி. 155-இல் ஜஸ்டின் என்பவர் ரோமாபுரியில் எழுதியது அது. பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும், செனட்டுக்கும் சேர்த்து முகவரி. எழுதியவர் பெயர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், சொந்த ஊர் (இன்றைய நாப்லுஸ்) எல்லாம் முறையாக இருக்கிறது. கடைசியில் இணைப்பு வேறு: முந்தைய பேரரசர் ஹேட்ரியன் ஓர் ஆளுநருக்கு அனுப்பிய கடிதம். எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் அருமையான தலைமை எழுத்தராகியிருப்பார் மனுஷன்.

கிறிஸ்தவன் என்ற பெயருக்காகவே தலை போன காலம் அது. இருந்தும் ஜஸ்டின் சலுகை கேட்கவில்லை. உங்களை முகஸ்துதி செய்ய வரவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அவர் கேட்டது விசாரணை. பெயரைப் பார்க்காதீர்கள், செய்கையைப் பாருங்கள்; குற்றம் நிரூபணமானால் தண்டியுங்கள் என்கிறார். கிறிஸ்து போதித்தபடி நடக்காமல் பெயரை மட்டும் வைத்திருப்பவர்களையும் தண்டிக்கத்தான் சொல்கிறார். வரி கட்டுவதில் நாங்கள் முந்திக்கொள்கிறவர்கள் என்றும் எழுதுகிறார்.

கிறிஸ்தவர்கள் இரகசியமாகக் கூடி மனித மாமிசம் தின்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் வதந்தி. ஜஸ்டின் என்ன செய்தார்? கதவைத் திறந்து காட்டினார். ஞானஸ்நானம் எப்படி, ஞாயிற்றுக்கிழமை என்ன வாசிக்கிறோம், அப்பமும் திராட்சரசமும் யாருக்கு என்று ஒன்றுவிடாமல் எழுதினார். காணிக்கை யாரிடம் சேருகிறது, அதில் அநாதைக்கும் விதவைக்கும் நோயாளிக்கும் சிறைக் கைதிக்கும் எப்படிப் போகிறது என்பதுகூட இருக்கிறது. கேட்காமலே கணக்குக் கொடுத்திருக்கிறார். நாம் கேட்டும் கொடுக்க மாட்டோம், தாக்குதல் என்போம்!

உண்மையான தாக்குதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1999-இல் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் ஜீப்போடு எரித்தார்கள். அதற்கும் தாக்குதல், ஆடிட்டர் ரசீது கேட்டதற்கும் தாக்குதல் என்றால், நாளைக்கு நம் வீடு எரியும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

கமிட்டியில் ஒருவர் சிரித்தார். "அண்ணாச்சி, உங்க ஜஸ்டின் கடைசியில என்ன ஆனாரு? தலைய வெட்டிட்டாங்கல்லா?"

ஆமாம், வெட்டினார்கள். கி.பி. 165 வாக்கில், ரோமாபுரியிலேயே. அந்த மனு யாருக்கெல்லாம் போனதோ அவர்களில் ஒருவரான மார்க்கஸ் அரேலியஸ் அப்போது பேரரசர். தீர்ப்புச் சொன்ன நகர அதிகாரி ரஸ்டிகஸ், அந்தப் பேரரசருக்கே தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். படித்தவர்கள்தான், நல்ல பெயர் எடுத்தவர்கள்தான். மனு தோற்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் மறைத்ததாக ஒரு வரியைக் காட்டுங்கள் என்றேன். பதில் இல்லை, டீ வந்துவிட்டது.

புதன்கிழமை கமிட்டியின் மனு போய்விட்டது, சால்வையோடு. என் கையெழுத்து அதில் இல்லை. விடுதிக் கணக்கைச் சபையார் முன்னால் வாசிக்கும்படி கமிட்டிக்கு நானும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் போட்டு.