தேங்காய் எண்ணெயும் டிமென்ஷியாவும்

"அவருக்கு அறளை பெயர்ந்துபோச்சு" என்பார்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில். வீட்டுப் பெரியவர் சாப்பிட்ட கை காயுமுன் மறுபடி சோறு கேட்டாலும் சரி, பெற்ற மகனையே "நீ யாருடே?" என்று கேட்டாலும் சரி, அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடும். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் டிமென்ஷியா வயோதிகத்தின் இயல்பு அல்ல, நோய்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடி, உடல் உழைப்பின்மை, காது கேளாமை, தனிமை... தலையில் அடிபடுவதும் அதில் ஒன்று. (ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு களியக்காவிளை ரோட்டில் பறக்கிறவர்கள் கவனிக்க!)

தேங்காய் எண்ணெய் அல்சைமரையே குணமாக்கும் என்று ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. அவியலில் பச்சை எண்ணெய் ஊற்றிச் சாப்பிடும் ஊருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடைக்குமா? ஆனால் அதை நிரூபித்த நல்ல ஆய்வு எதுவும் இல்லை. போதாக்குறைக்கு அது எல்.டி.எல். கொழுப்பைக் கூட்டுகிறது. 2024 பட்டியலில் புதிதாகச் சேர்ந்த இரண்டில் அந்தக் கொழுப்பும் ஒன்று! மற்றது பார்வைக் குறைவு. அவியலுக்கு ஒரு கரண்டி விடுவதில் குற்றமில்லை. மருந்தென்று தினம் குடிப்பதுதான் வேண்டாத வேலை.

அப்படியானால் ஊர்ச் சாப்பாடு கெடுதலா? இல்லவே இல்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும் வயலில் உழைத்தவனின் சாப்பாடு. சாளையில் ஒமேகா-3 நிறைய உண்டு, விலையும் குறைவு. கோளாறு எங்கே என்றால், உழைப்பு போய்விட்டது, கிழங்கின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. தொட்டுக்கொள்ளக் கருவாடு, பப்படம், ஊறுகாய் என்று உப்பு வேறு. கிழங்கைப் பாதியாக்கி, மீனைப் பொரிக்காமல் குழம்பாக வைத்து, கீரையைக் கூட்டினால் அதே சாப்பாடு நல்ல சாப்பாடுதான்.

சாப்பாடு மட்டும் போதாது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையுள்ள சுமார் 1,260 பேரை வைத்து நடத்திய ஃபிங்கர் ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தபோதுதான் இரண்டு வருடத்தில் பலன் தெரிந்தது. முடிவு 2015-ல் வெளியானது.

இன்னொரு சுவாரசியம். 2013-ல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது தெரிந்தது. தமிழும் மலையாளமும் மாறி மாறிப் பேசும் விளவங்கோட்டுக் கிழவிகளுக்கு இது நல்ல சேதி!

ஆனால் பேச ஆள் வேண்டுமே? பிள்ளைகள் கல்ஃபில், பெரியவர் சீரியல் முன்னால். காதும் மந்தம். கேட்காததால் கல்யாணத்துக்கும் கொடைக்கும் போவதில்லை. மூக்குக்கண்ணாடி போட யாரும் கூச்சப்படுவதில்லை, காது மிஷின் என்றால் மட்டும் மானப் பிரச்சினை. லீவில் வரும் மகன் பெட்டி நிறைய பாதாமும் பேரீச்சம்பழமும் கொண்டுவருகிறான். அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போக மட்டும் அவனுக்கு அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள் கிடைப்பதில்லை.