ஏழு வயசுக்கு எதுக்குங்க 'ஏ' படம்?

எங்க குலதெய்வம் மாதேஸ்வரன். மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகத்தான் மலைக்குப் போவோம். சிங்கையிலிருந்து லீவில் போனபோது, மலைக்குக் கிளம்பும் முதல்நாள் சொந்தக்காரங்களோடு ஊர்ப்பக்கம் ஒரு தியேட்டருக்குப் போனோம். 'ஏ' சர்டிபிகேட் படம். ஏழு வயசு மகளும் கூட. யாரும் தடுக்கவில்லை. மறுநாள் மலையில் தங்கின ராத்திரி அவள் தூங்கவே இல்லை. "அந்த அங்கிள் கையை நிஜமாவே வெட்டினாங்களாப்பா?"

படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க என்று தினமும் வாடிக்கையாளருக்கு உபதேசம் செய்யும் பேங்க் ஆபீசர் நான். போஸ்டரில் இருந்த ஒற்றை எழுத்தைப் படிக்காமலா போனேன்? படித்தேன். "ஊர்லதானே, யார் கேக்கப் போறாங்க" என்ற நினைப்பு.

சிங்கையில் 'என்சி16' என்றால் பதினாறுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். நாமும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவோம். சென்னையில் விமானம் இறங்கியதும் நம்ம பிள்ளைக்கு வயசு ஏறிவிடுகிறதா என்ன?

இந்தியாவிலும் 18 வயசுக்குக் கீழே 'ஏ' படம் காட்டுவது சட்டப்படி குற்றம். 2023 திருத்தச் சட்டம் 'யு/ஏ'வை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது. அந்த எண்ணைக் காட்டி தியேட்டர்காரர் தடுக்க முடியாது. முடிவு பெற்றவர்கள் கையில். அதாவது, அது நமக்கு எழுதின கடுதாசி. நாமதான் பிரிப்பதே இல்லை.

2025இல் 'கூலி'க்கு 'ஏ' கிடைத்ததும் தயாரிப்பாளர் சென்னை உயர்நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி. வசூல் நஷ்டத்துக்குக் கணக்குப் பார்க்க ஆள் உண்டு. பிள்ளையின் தூக்கத்துக்கு?

"நல்ல படமா இருந்தா?" என்பீர்கள். 2023 ஏப்ரலில் சென்னை விருகம்பாக்கத்தில் 'விடுதலை' முதல் பாகத்துக்குப் பிள்ளைகளோடு வந்தவர்களைப் போலீஸ் வெளியே போகச் சொன்னது. மக்கள் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று அங்கே வாதாடினார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. வீரப்பன் வேட்டையில் எங்க மலைப்பக்கத்து ஜனங்கள் பட்ட சித்திரவதையைச் சதாசிவா குழு விசாரித்து, 2007இல் 89 பேருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்தக் கதை என் மகளுக்கும் தெரியத்தான் வேணும்.

ஆனால் எப்படி? தூங்காத அந்த ராத்திரிக்கு அடுத்த நாள், கோயில் வாசலில் உட்கார்ந்து அம்மா அதே கதையை அவளுக்குச் சொன்னார். பேத்தியின் பிடி இறுகினதும் நிறுத்தினார். "மிச்சத்தை நீ பெரியவளானதும் சொல்றேன் கண்ணு." திரைக்கு அந்தப் பிடி தெரியாதுங்க. நமக்குத் தெரியும். அதனால்தான் முடிவை நம்ம கையில் விட்டிருக்கிறார்கள்.

அடுத்த லீவில் டிக்கெட் எடுக்கும் முன் அந்த எழுத்தைப் பாருங்கள். படம் ஓடிடியில் வரும். ஏழு வயசு திரும்ப வராது.