பூட்டில்லாத கதவும் புகமுடியாத வாசலும்

“மூலநிரல் திறந்தே கிடக்கிறது, வேண்டியவர் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.” கணினித் துறையில் திறமூல இயக்கத்தார் பெருமையோடு கூறிவரும் வாக்கு இது. பெருமைக்கு உரியதே. 1983 ஆம் ஆண்டில் றிச்சட் ஸ்ரோல்மன் குனூத் திட்டத்தை அறிவித்த நாள்தொட்டு, மென்பொருளைப் படிக்கவும் மாற்றவும் பிறரோடு பகிரவும் எல்லோர்க்கும் உரிமை உண்டென்று வாதாடி, அதனைப் பெருமளவு நிலைநாட்டியும் காட்டிய கூட்டம் அது. ஆனால் அந்த ‘எல்லோர்’ என்னும் சொல்லுக்குள் விழிப்புலனற்ற நிரலாளர் அடங்குகின்றனரா? ஏட்டில் அடங்குகின்றனர். நடைமுறையில் பல வேளைகளில் வாசலுக்கு வெளியே நிற்கின்றனர் என்பதே எமது குற்றச்சாட்டு.

விழிப்புலனற்றவர் நிரல் எழுதுவதா என்று வியப்போர் இன்னும் உளர். வியக்க வேண்டியதில்லை. நிரல் என்பது எழுத்து. எழுத்தைக் காதாலும் படிக்கலாம், விரலாலும் படிக்கலாம். திரைபடிப்பான் என்னும் மென்பொருள் திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ தருகிறது. பழகிய காதுக்கு அப்பேச்சு, நாம் ஒரு சொல்லையும் பிரித்தறிய முடியாத வேகத்தில் ஓடும். 1995 இல் ரி. வி. இராமன் என்னும் இந்தியக் கணினி அறிஞர், தாமே விழிப்புலனற்றவர், ஈமாக்ஸ் என்ற நிரல்தொகுப்பியைப் பேசவைக்கும் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். கண் கண்டதை ஒப்பிக்காமல், காதுக்கென்றே கருவியை அமைத்தார் என்பதே அதன் சிறப்பு.

அடுத்த சான்று அவுஸ்திரேலியாவில். விலைகொடுத்து வாங்கும் திரைபடிப்பான் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் டொலர் கேட்கப்பட்ட காலத்தில், 2006 ஆம் ஆண்டு மைக்கல் கறன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயது நண்பர் ஜேம்ஸ் தே, அவரும் பார்வையற்றவர், கைகொடுத்தார். இன்று உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கும் அத்திரைபடிப்பான் பெரும்பாலும் பைதன் மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலநிரலும் திறந்தே உள்ளது.

இங்கேதான் கேலிக்கூத்து. பைதனோடு இலவசமாகவே வரும் ஐடில் என்ற தொகுப்பி, புதிதாகக் கற்போர்க்கு முதலில் காட்டப்படுவது. அது டிக்கின்ரர் என்னும் சாளரக் கருவித்தொகுதியால் ஆனது. அத்தொகுதியோ தன் பொத்தான்களையும் பட்டியல்களையும் திரையில் வரைந்துவிட்டு, அவை இன்னவை என்று இயங்குதளத்துக்கு அறிவிக்காமலே நெடுங்காலம் இருந்துவந்தது. அறிவிப்பு இல்லையேல் திரைபடிப்பானுக்கு அங்கே ஒன்றுமில்லை, வெறும் மௌனம். பார்வையற்றோர் பைதனில் உலகத்தரமான கருவி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டனர். பைதனின் சொந்த முற்றத்தில் பார்வையற்ற மாணவன் கால்வைக்க முடியவில்லை! இது தொழில்நுட்பத்தால் வந்த தடையுமன்று. அதே பைதனில் டபிள்யூ.எக்ஸ். பைதன் என்ற மாற்றுத்தொகுதி உண்டு. இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே அது கையாள்வதால் திரைபடிப்பான் தடையின்றிப் படிக்கிறது. என்.வி.டி.ஏ. தன் சாளரங்களை அமைத்திருப்பதும் அதனாலேயே.

பைதனில் வரியின் முன்னுள்ள வெற்றிடமே இலக்கணம். நான்கு இடம் தள்ளினால் ஒரு பொருள், எட்டு இடம் தள்ளினால் வேறு பொருள். வெற்றிடத்தைக் காதால் கேட்பது எங்ஙனம்? என்.வி.டி.ஏ. அதற்கும் வழிகண்டது: வரி உள்ளே தள்ளத் தள்ளச் சுருதி உயரும். வேண்டுமானால் எண்ணைச் சொல்லும். கருதிப் பார்த்தால் வழி பிறக்கிறது. கருதிப் பாராததே குறை.

“மூலநிரல் உம்மிடம் இருக்கிறதே, நீரே திருத்தலாமே?” என்பார் உண்டு. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஒழுங்கை முழுவதையும் முள்வேலியால் அடைத்துவிட்டு, “வளவு பொது வளவுதான், வேலியை வெட்டிக்கொண்டு வாரும்” என்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? திருத்துவதற்கு வேண்டிய கருவியே படிக்க முடியாததாயின், திருத்துவது எவ்வாறு? மற்ற நிரலாளர் தம் தொழிலைச் செய்து சம்பளம் வாங்கும் நேரத்தில், இவர் மட்டும் தொழிலுக்குள் நுழைவதற்கே சம்பளமில்லாமல் உழைக்க வேண்டுமா?

தன்னார்வத்தை மட்டும் நம்பி நிற்பதன் கேட்டை 2010 காட்டியது. லினக்ஸ் இயங்குதளத்தில் குனோம் சாளரச் சூழலின் திரைபடிப்பானாகிய ஓர்க்காவை வளர்த்து வந்தது சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம். அதனை ஒராக்கிள் வாங்கியதும் ஓர்க்காவின் தலைமை நிரலாளர் வேலையிழந்தார். பின்னர் அப்பெரும்பணி நெடுங்காலம் ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒருவரின் தோளிலேயே பெரிதும் தங்கியிருந்தது. நிரல் திறந்திருந்ததால் ஓர்க்கா சாகவில்லை. இது திறமூலத்துக்குச் சேரவேண்டிய புகழ். ஆனால் அத்தனை பேரின் சோறு ஒருவர் தோளில் தொங்குவது ஏற்பாடா?

நடுநிலை தவறக்கூடாது. 2015 இல் மைக்ரோசொப்ற் வெளியிட்ட விஷுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் தொகுப்பியின் மூலநிரலும் பெரும்பாலும் திறந்ததே. பிழையுள்ள வரிக்கு வந்தால் ஒலி எழுப்பி உணர்த்தும் அளவுக்குத் திரைபடிப்பாளரைக் கருதி அமைத்திருக்கின்றனர். அங்கே அது சம்பளம் பெறுவோரின் கடமையாக்கப்பட்டது. ஏனைய திட்டங்களும், விசைப்பலகையாலும் திரைபடிப்பானாலும் சோதிக்கப்படாத பதிப்பு வெளிவராது என்று விதி செய்யட்டும். தமிழில் எழுத்து சிதைந்து தோன்றும் பதிப்பை நாம் ஏற்போமா? பேசாத பொத்தானும் அத்தகைய பழுதே. ஓய்வு கிடைத்தால் செய்யும் தருமம் அன்று.

எமக்கும் இதில் ஒரு பங்குண்டு. என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழும் பேசும். இயந்திரக் குரலில், பல இடங்களில் நம் காதுக்கு ஒவ்வாத உச்சரிப்பில். அதன் தமிழ் உச்சரிப்பு விதிகள் சாதாரண எழுத்துக் கோப்புகளில் உள்ளன. அவற்றைத் திருத்துவதற்குக் கணினி அறிவைவிடத் தமிழ் ஒலியறிவே மிகுதியும் வேண்டும். நம் தமிழாசிரியருள் எத்தனை பேர் அக்கோப்பைத் திறந்து பார்த்திருக்கின்றனர்?