காய்ச்சலோடு வேலைக்கு போகும் சென்னை: முதல் 2 நாள் கூலியை யார் தருவது?

சென்னை:

"லேசா காய்ச்சல்தான். ஒரு மாத்திரையை போட்டுட்டு கிளம்பிட வேண்டியதுதான்..."

சென்னையில் காலை நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பாரிமுனை கடை ஊழியர், அம்பத்தூர் தொழிற்பேட்டை தொழிலாளி, தி.நகர் துணிக்கடையில் நிற்கும் பெண், கட்டிட வேலைக்கு போகும் சித்தாள் என்று யாரை கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான்.

தொண்டை வலி, சளி, உடம்பு வலி, காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது கொரோனாவா, புளூ காய்ச்சலா என்று இப்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. டெஸ்ட் எடுப்பதும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க" என்று வாங்கி விழுங்கி விட்டு பஸ் ஏறி விடுகிறார்கள்.

ஜனங்களின் அலட்சியம் என்று இதை சுலபமாக சொல்லி விடலாம். ஆனால் கணக்கு போட்டு பார்த்தால் கதை வேறு. வீட்டில் படுத்தால் கூலி போகும். அதுதான் உண்மையான காரணம்.

அன்று தகரம், இன்று மாத்திரை

தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி 2020-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி கண்டறியப்பட்டார். அடுத்த சில மாதங்களில் சென்னை பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது.

நோய் வந்தவர் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சில தெருக்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யக்கூட விடாமல் 2020 ஏப்ரலில் ஒரு கும்பல் கல் வீசி தாக்கியது. பக்கத்து வீட்டில் ஒருத்தர் இருமினால் கதவை சாத்தினோம்.

வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதை 2020 டிசம்பர் 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்படுத்தியது. உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் ஒட்டக்கூடாது என்று கூறியது.

தனிமை நாட்களும் படிப்படியாக குறைந்தன. 2020 மே மாதம் வந்த மத்திய சுகாதாரத்துறை விதிப்படி வீட்டு தனிமை 17 நாள். அப்புறம் அது 10 நாள் ஆனது. 2022 ஜனவரியில் 7 நாள் ஆனது. கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2023 மே 5-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலையை முடித்துக்கொண்டது. நோய் போய் விட்டது என்று அது சொல்லவில்லை. இனி இதோடுதான் வாழ வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். 2025 மே, ஜூன் மாதங்களில் நாடு முழுவதும் கொரோனா மீண்டும் தலை தூக்கியதை பார்த்தோம். தடுப்பூசியாலும், ஏற்கனவே நோய் வந்து போனதாலும் பெரும்பாலானவர்களுக்கு அது சாதாரண காய்ச்சலாக முடிந்து விட்டது.

பயம் போனது நல்லதுதான். ஆனால் பயத்தோடு சேர்த்து, உடம்பு சரியில்லை என்றால் படுத்து எழ வேண்டும் என்ற பழக்கத்தையும் தூக்கிப்போட்டு விட்டோம்.

அம்மைக்கு ஒரு நியாயம், காய்ச்சலுக்கு ஒரு நியாயமா?

வீட்டில் தனியாக இருப்பது தமிழர்களுக்கு புதுசு இல்லை. அம்மை போட்டால் நம் ஊரில் என்ன செய்கிறோம்?

வாசலில் வேப்பிலை சொருகுகிறோம். வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களும் விசேஷங்களுக்கு போக மாட்டார்கள். 3 தண்ணீர் ஊற்றும் வரை வேலைக்கு போகும் பேச்சே கிடையாது. எவ்வளவு கறாரான முதலாளியாக இருந்தாலும் "அம்மைங்களா? இறங்கட்டும், அப்புறம் வாங்க" என்று அவரே சொல்லி விடுவார். அங்கே யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. சந்தேகப்படுவதும் இல்லை.

அதே ஆள் "காய்ச்சல் சார்" என்று போன் செய்தால், "ஒரு மாத்திரையை போட்டுட்டு வாப்பா, ஆள் இல்லை" என்றுதான் பதில் வருகிறது.

அம்மை உடம்பில் தெரிகிறது. கொரோனாவும் புளூவும் வெளியில் தெரிவதில்லை. ஆனால் அவையும் ஒட்டிக்கொள்ளும் நோய்கள்தான்.

மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்கி விடும். காய்ச்சல் இறங்கியதால் கிருமி போய் விட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த கிருமியோடுதான் மின்சார ரெயிலிலும், ஷேர் ஆட்டோவிலும், ஏ.சி. போட்டு கதவை மூடிய கடையிலும் நாள் முழுக்க இருக்கிறோம்.

அந்த 2 நாள் கணக்கு

டாக்டர்கள் சொல்வதை கவனிக்க வேண்டும். கொரோனா அதிகமாக பரவுவது அறிகுறி தெரிவதற்கு 1, 2 நாள் முன்பும், தெரிந்த பிறகு முதல் 2, 3 நாட்களிலும்தான். அதாவது ஒரு தொழிலாளி கண்டிப்பாக வீட்டில் இருக்க வேண்டியது காய்ச்சல் வந்த முதல் 2 நாள்.

இப்போது ஈ.எஸ்.ஐ. விதியை பாருங்கள்.

மாத சம்பளத்தில் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் என்று 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ.க்கு பிடிக்கப்படுகிறது. உடம்பு சரியில்லாமல் வேலைக்கு போக முடியாவிட்டால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் கிடைக்கும். 6 மாத சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

நல்ல திட்டம்தான். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நோய் வந்த முதல் 2 நாளுக்கு பணம் கிடையாது. 15 நாளுக்குள் மறுபடியும் படுத்தால் மட்டும் இந்த 2 நாள் காத்திருப்பு இல்லை.

எந்த 2 நாள் வீட்டில் இருக்க வேண்டுமோ, அந்த 2 நாளுக்குத்தான் காசு இல்லை!

மாதம் 15 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு தோராயமாக 500 ரூபாய். 5 நாள் படுத்தால் 2,500 ரூபாய் போகும். ஈ.எஸ்.ஐ.யில் முதல் 2 நாள் பூஜ்ஜியம். மீதி 3 நாளுக்கு நாளைக்கு 350 வீதம் 1,050 ரூபாய். கையை விட்டு போவது 1,450 ரூபாய். 2 நாளிலேயே எழுந்து விட்டால் ஒரு பைசா கிடைக்காது. முழுசாக 1,000 ரூபாய் நஷ்டம்.

இதோடு சில தொழிற்சாலைகளில் மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் தனியாக 'அட்டெண்டன்ஸ் போனஸ்' தருகிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் அதுவும் போச்சு. காய்ச்சலோடு வந்தவருக்கு பரிசு, பக்கத்தில் இருப்பவருக்கு பரப்பாமல் வீட்டில் இருந்தவருக்கு அபராதம் என்ற கதையாகி விட்டது.

சட்டத்தில் இருக்கு, கையில் இல்லை

கடை ஊழியர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி.

எத்தனை கடைகளில் இது நடக்கிறது? கேட்டால் "ஒரு நாள் வரலைன்னா ஒரு நாள் சம்பளம் கட்" என்பதுதான் பல இடங்களில் எழுதாத சட்டம். விடுப்பு கொடுக்கும் சில இடங்களிலும், ஒரு நாள் காய்ச்சலுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அந்த சர்டிபிகேட்டுக்காக டாக்டர் பீசும் ஆட்டோ காசும் கொடுத்து, கிளினிக்கில் 10 பேரோடு உட்கார வேண்டும். அதற்கு வேலைக்கே போய் விடலாம் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ம் ஆண்டு சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், படுக்க யார் விடுவார்கள்?

சின்ன கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 3 பேரை வைத்து ஓட்டல் நடத்துபவருக்கு ஒருவர் வராவிட்டால் அன்றைய வியாபாரமே ஆட்டம் காணும். ஆனால் ஒருவர் காய்ச்சலோடு வந்து மற்ற 2 பேரையும் படுக்க வைத்தால், அந்த வாரம் முழுக்க கடையை மூட வேண்டியதுதான். 2020 மே 5-ந்தேதி கோயம்பேடு மார்க்கெட்டையே மூட வேண்டி வந்தது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் போனது. கூட்டமாக வேலை செய்யும் இடத்தில் கிருமி எப்படி ஓடும் என்பதற்கு அதை விட பெரிய பாடம் வேண்டாம்.

தினக்கூலிக்கு என்ன வழி?

ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, கடை சட்டமும் இல்லை என்பவர்கள்தான் அதிகம். கொத்தனார், சித்தாள், பெயிண்டர், தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ டிரைவர், வீட்டு வேலைக்கு போகும் அக்கா, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி... இவர்களுக்கு படுத்த நாள் பட்டினி நாள்.

தமிழ்நாட்டில் அமைப்பு சாரா தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் உண்டு. டெலிவரி ஊழியர்களுக்கும் 2023-ல் தனி வாரியம் அமைத்தார்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, மரணம், ஓய்வூதியம் என்று நல வாரியங்களில் பல உதவிகள் இருக்கின்றன. ஆனால் 2 நாள் காய்ச்சலுக்கு கூலி தரும் ஏற்பாடு அதில் இல்லை.

பெண்கள் நிலை இன்னும் மோசம். வேலைக்கு லீவு போட்டாலும் அடுப்படிக்கு லீவு இல்லை. காய்ச்சலோடு சமைத்து, துணி துவைத்து, தண்ணி பிடித்து விட்டு "வீட்டில் ரெஸ்ட்தானே எடுத்தே?" என்ற பேச்சையும் கேட்க வேண்டும்.

ஏன் இதை பெரிதாக பேச வேண்டும்?

"இப்பதான் கொரோனா சளி மாதிரி ஆயிடுச்சே?" என்று கேட்கலாம். திடமாக இருப்பவருக்கு சரி. ஆனால் அவர் கிருமியை கொண்டு போய் சேர்ப்பது யாரிடம்?

வீட்டில் சர்க்கரை, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடும் அப்பா அம்மா இருக்கிறார்கள். டயாலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு இன்றும் கொரோனா ஆபத்துதான். புளூவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை கொரோனாவுக்கு பறி கொடுத்திருக்கிறோம்.

'செட்' மாத்திரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சென்னையில் மழைக்காலம் என்றால் டெங்கு. டெங்கு காய்ச்சலில் சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும். என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் விழுங்குவது விளையாட்டு இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

* காய்ச்சல் வந்தால் குறைந்தது முதல் 2 நாளாவது வீட்டில் இருக்க பாருங்கள். மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, உடம்பும் தேறி வருகிறது என்றால் வேலைக்கு போகலாம். அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் சொன்ன வழியும் இதுதான். அதன் பிறகு 5 நாள் மாஸ்க் போட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

* போயே தீர வேண்டும் என்றால் மாஸ்க் போடுங்கள். சாப்பிடும்போது தனியாக உட்காருங்கள். கடையில் ஜன்னலை திறந்து வையுங்கள்.

* ஒரே அறை வீடு என்றால் வயதானவர்களை ஜன்னல் பக்கம் தள்ளி படுக்க வையுங்கள். கஷாயம், மிளகு ரசம், கஞ்சி எல்லாம் சரி. ஆனால் மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, 3 நாளை தாண்டிய காய்ச்சல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

* சென்னையிலும் மற்ற நகரங்களிலும் 2023 ஜூன் 6-ந்தேதி 500 நகர்ப்புற நல வாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே பீஸ் கிடையாது.

அரசு என்ன செய்ய வேண்டும்?

பிரிட்டனிலும் நோய் விடுப்பு சம்பளத்துக்கு 3 நாள் காத்திருப்பு இருந்தது. கொரோனா வந்ததும் 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை, கொரோனாவால் படுத்தவர்களுக்கு முதல் நாளில் இருந்தே பணம் கொடுத்தார்கள். அந்த காத்திருப்பை நிரந்தரமாக எடுக்கவும் 2025-ல் சட்டம் கொண்டு வந்து விட்டார்கள்.

இங்கேயும் ஈ.எஸ்.ஐ.யில் அந்த 2 நாள் காத்திருப்பை எடுக்கலாம். கடைகளில் '12 நாள் நோய் விடுப்பு உண்டு' என்று தமிழில் போர்டு வைக்க சொல்லலாம். 2 நாள் காய்ச்சலுக்கு சர்டிபிகேட் கேட்கக்கூடாது என்று உத்தரவு போடலாம். நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு ஆண்டுக்கு சில நாளாவது நோய்க்கால கூலி தரலாம்.

"உடம்பு சரியில்லைன்னா வீட்டுல இருங்க" என்று சொல்வது சுலபம். 2020-ல் இருந்து அதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த 2 நாள் சோற்றுக்கு வழி சொன்னால் ஜனங்கள் தாங்களாகவே வீட்டில் இருப்பார்கள்.