எங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது?

அம்மாவின் தொகுப்பு வீட்டுக் கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியத் தொடங்கி நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. மழை வந்தால் கட்டிலை இடம் மாற்றிப் போட்டுப் படுப்பார். இந்த ஆண்டு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று முடிவெடுத்து வங்கியில் கடன் கேட்டேன். கட்டட அனுமதி பெற்ற வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

எளிதான வேலை என்றுதான் நினைத்தேன். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனடியாக அனுமதி. கிராம ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். எங்கள் மனை மூன்று சென்ட், சுமார் 1,300 சதுர அடிதான்.

இ-சேவை மையத்தில் இருந்த தம்பி சர்வே எண்ணைத் தட்டினார். திரையில் வந்தது அம்மாவின் பெயர் அல்ல. ஊர்த்தெருவில் எப்போதோ இறந்துபோன ஒரு நிலவுடைமையாளரின் பெயர். எங்கள் காலனியின் நாற்பது வீடுகளும் கணினியில் அவருடைய புஞ்சை நிலமாகவே இருக்கின்றன. அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நாம இன்னும் அவரு நெலத்துலதான் குடியிருக்கமா?"

இல்லை. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை வழங்குவதற்காக நிலம் கையகப்படுத்த 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி அரசு அந்த நிலத்தை எடுத்து, 1996இல் அம்மாவின் பெயரில் ஒப்படைப் பட்டா கொடுத்தது. முத்திரை குத்திய அந்தத் தாளை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்கடியில் வைத்திருக்கிறார். ஆனால் நிலத்தை உட்பிரிவு செய்து, கிராமக் கணக்கில் நாற்பது பேரின் பெயரையும் ஏற்ற வேண்டிய வேலையை யாரும் செய்யவில்லை.

கிராம நிர்வாக அலுவலர், "இது ஆதிதிராவிடர் நலத்துறை பட்டாம்மா, எங்க கணக்குல ஏறல, அங்க போய்க் கேளுங்க" என்றார். அங்கே போனால், "நாங்க அப்பவே கொடுத்துட்டோம், மிச்சம் தாலுகா ஆபீஸ் வேலை" என்றார்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய கோப்பு கிடைக்கவில்லை. ஐந்து மாதங்களாக இப்படித்தான் அலைகிறோம்.

அலைச்சலும் லஞ்சமும் எல்லாச் சாதிக்கும் உண்டு, இதில் எங்கே சாதி வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். அந்த இணையதளம் யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை, உண்மைதான். அது கேட்பது கணினிப் பட்டாவை. ஊர்த்தெருக்காரருக்குப் பட்டா பாட்டன் வழியாக, கிரயப் பத்திரத்தின் வழியாக வருகிறது. நிலம் வைத்துக்கொள்ளவே விடாமல் தடுக்கப்பட்ட எங்களுக்கு அரசு கொடுத்த ஒப்படைப் பட்டாதான் முதல் பட்டா. அந்தத் தாளை அரசின் கணினியே ஏற்க மறுக்கிறது. எல்லோரிடமும் ஒரே ஆவணத்தைக் கேட்கும் விதி, அந்த ஆவணம் யாருக்கு மறுக்கப்பட்டு வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. சாதி இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது.

அம்மா கேட்ட கேள்வி புதியதும் அல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதும், எதிர்த்துப் பேசினால் குடியிருப்பை விட்டே துரத்துவோம் என்று மிராசுதார்கள் மிரட்ட முடிந்தது என்பதும் அன்றைக்கே பேசப்பட்ட செய்திகள். இன்று எங்களை யாரும் துரத்த முடியாதுதான். ஆனால் சொந்த வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமென்றால், பதிவேட்டில் இன்னும் அந்தப் பழைய பெயர்தான் குறுக்கே நிற்கிறது.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லை நீக்கும் அதே பதிவேட்டில் எங்கள் பெயர்களையும் ஏற்றுங்கள். வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கும் பட்டாதான் அடிப்படை. பட்டா கணக்கில் ஏறாதவரை கடன், அனுமதி, மானியம் என எல்லாக் கதவும் ஒன்றாகவே மூடிக்கிடக்கும்.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக மனுவோடு அலைந்து தீர்க்கும் சிக்கல் அல்ல இது. பிழை அரசுடையது, திருத்த வேண்டியதும் அரசுதான். நில அளவையரும் வருவாய்த் துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் ஒரே நாளில் குடியிருப்புக்கே வந்து அளந்து, உட்பிரிவு செய்து, பெயர்களை ஏற்ற வேண்டும். அது முடியும்வரை ஒப்படைப் பட்டாவையே கட்டட அனுமதிக்கான உரிமை ஆவணமாக ஏற்க வேண்டும்.

நகரத்தில் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் பட்டாவை வாங்கி, அதன் சர்வே எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள். வேறு பெயர் வந்தால் பக்கத்து வீட்டுப் பட்டாவையும் பாருங்கள். நில எடுப்பு ஆணையையும் பயனாளிகள் பட்டியலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராம சபையில் எல்லோரும் சேர்ந்து தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.

நாங்கள் நாற்பது பட்டாக்களையும் நகலெடுத்துவிட்டோம். வரும் கிராம சபைக்கு அம்மா தன்னுடைய பட்டாவை உறையோடு எடுத்துக்கொண்டு வருகிறார்.