வண்டியும் வீடும்

தம்பதிகள் சேர்ந்து யாத்திரை போவதென்றால் நம் நாட்டில் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வருவது என்றே நெடுங்காலமாகப் பொருள். அதுவும் எப்போது? பெண்ணுக்குக் கல்யாணமாகி, பிள்ளைக்கு உத்தியோகமாகி, முழங்காலில் வாதம் கண்ட பிறகு! யாத்திரைக்கு வேண்டிய பணம் சேர்ந்த சமயத்தில், படியேறுவதற்கு வேண்டிய பலம் போய்விட்டிருக்கும்.

மேனாட்டுத் தம்பதிகள் இந்த விஷயத்தில் சிறிது சாமர்த்தியசாலிகள். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதில்லை. வீட்டையே கூட அழைத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். 'காரவன்' என்று அந்த வண்டிக்குப் பெயர். இரண்டு பேர் படுக்கக் கட்டில், சமைக்க அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணிமணி வைக்க அலமாரி எல்லாம் அதற்குள் அடக்கம். மோட்டாருக்குப் பின்னால் இழுத்துச் செல்வது ஒரு வகை. மோட்டாரும் வீடும் ஒன்றாகவே அமைந்தது மற்றொரு வகை.

இதைக் கேட்டு நாம் வாயைப் பிளக்க வேண்டியதில்லை. கூண்டு வண்டியில் அரிசி மூட்டையையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு, மாலையில் ஆற்றங்கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தவர்கள்தாமே நம் பாட்டனாரும் பாட்டியாரும்? தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து பழனிக்கு நடக்கும் நகரத்தாரின் பாதயாத்திரையில் இன்றும் மாட்டு வண்டி உண்டு. காரவன் என்பது நம் கூண்டு வண்டிக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

இந்த வண்டி யாத்திரைக்கு மிகவும் உகந்த தேசங்கள் டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய மூன்றும் என்பார்கள். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனுக்குக் கடலைத் தாண்டிச் சாலை போகிறது. முதலில் கடலுக்கடியில் சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம். பிறகு மனிதர் உண்டாக்கிய ஒரு தீவு. அதற்கப்பால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளப் பாலம். இது 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இங்கெல்லாம் வண்டிகள் வலப்புறம் செல்ல வேண்டும். ஸ்வீடன் தேசத்தார் ஒரு காலத்தில் நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டியவர்கள்தாம். 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, ஒரே நாளில், தேசம் முழுவதும் வலப்புறம் மாறிற்று!

நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் வெகுதூரம் புகுந்து வருகிறது. சில இடங்களில் வண்டியோடு படகேறிக் கடக்க வேண்டும். சில இடங்களில் மலையைக் குடைந்தே வழி செய்திருக்கிறார்கள். லேர்டால் என்னுமிடத்தில் உள்ள சாலைச் சுரங்கத்தின் நீளம் 24.5 கிலோமீட்டர். ஓட்டுகிறவர் அலுத்துக் கண்ணயர்ந்துவிடக் கூடாதென்று, நடுவில் மூன்று இடங்களில் பெரிய குகைபோல் குடைந்து நீல விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். வடகோடியில் 307 மீட்டர் உயரமுள்ள 'வடமுனை' என்னும் பாறை கடலை நோக்கி நிற்கிறது. மே மாத நடுவிலிருந்து ஜூலை முடிவு வரையில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதேயில்லை. அந்த வடகோடிப் பிரதேசத்திலும் மீன் தொழிற்சாலைகளை நாடி வந்து குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்கள் உண்டு. நடு நிசியில் வெயில் காயும் தேசத்திலும் நம் தமிழ் ஒலிக்கிறது என்பதில் நமக்குப் பெருமைதானே?

ஆனால் இவற்றையெல்லாம்விட நம் மனத்தைக் கவர்வது அந்நாட்டாரின் ஒரு வழக்கம். காடும் மலையும் எவருக்குச் சொந்தமாயினும், அதில் நடக்கவும் இளைப்பாறவும் எல்லா ஜனங்களுக்கும் உரிமை உண்டு. நார்வே இதை 1957-ஆம் ஆண்டில் சட்டமாகவே செய்தது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடிக்க வேண்டும். கேளாமல் இரண்டு இரவுக்கு மேல் ஓரிடத்தில் தங்கலாகாது. இந்த உரிமை மனிதனுடைய கால்களுக்குத்தான். மோட்டார் சக்கரங்களுக்கு அல்ல. காரவன் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து போன அடையாளம் தெரியாமல் போக வேண்டும்.

நம் ஆத்தூரில் மலையடிவாரத்தில் காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கிறது. திண்டுக்கல் நகரத்தார் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து போவதுதான். விடுமுறை நாளில் அதன் அழகைக் காண வருகிறவர்கள் அடையாளம் தெரியாமலா போகிறார்கள்? காகிதத் தட்டும் காலிப் புட்டியும் அவர்கள் வந்து போனதற்குச் சாட்சி சொல்கின்றன. எல்லாருக்கும் உரியது என்றால் எவருக்கும் பொறுப்பில்லாதது என்று நாம் அர்த்தம் செய்து கொண்டோம். பொறுப்பிருப்பதால்தான் எல்லாருக்கும் உரிமை என்று அவர்கள் அர்த்தம் செய்து கொண்டார்கள். சுதந்திர தேசத்தின் பிரஜைகள் யோசிக்க வேண்டிய வித்தியாசம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரவனில் அடுப்பும் கூடவே வருகிறது. அந்த அடுப்பைப் பற்ற வைப்பது யார்? புருஷர் மலையையும் கடலையும் பார்த்து மெய்மறந்திருக்க, அம்மாள் உள்ளே குழம்பு கூட்டிக் கொண்டிருந்தால், அது அவளுக்கு யாத்திரை ஆகாது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறியது, அவ்வளவுதான். ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் துலக்க வேண்டும். ஒருவர் ஓட்டினால் மற்றவர் வழி சொல்ல வேண்டும். வண்டிக்குள் இடம் குறைவு. அதிகாரத்துக்கு அங்கே இடமே கிடையாது.

'இதெல்லாம் தனவான்களுக்கு' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய தேநீர்க் கடை வைத்திருந்த விஜயன், மோகனா தம்பதிகளைச் சற்று நினைக்க வேண்டும். ஆள் வைத்துக்கொள்ளாமல் இருவரும் சேர்ந்தே கடையைக் கவனித்தார்கள். நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் யாத்திரைக்கென்று எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கி, போய் வந்து, உழைத்துக் கடனை அடைத்து, மறுபடியும் புறப்பட்டார்கள். இப்படியே இருபத்தைந்துக்கு மேற்பட்ட தேசங்களைப் பார்த்தார்கள். ஸ்வீடனும் டென்மார்க்கும் நார்வேயும் அவர்கள் பார்க்க ஆசைப்பட்ட இடங்கள். 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் இருவரும் ருஷியாவுக்குப் போய் வந்தனர். அடுத்த மாதமே விஜயன் காலமானார். சில தேசங்கள் பாக்கியாகவே நின்றுவிட்டன. ஆயினும், 'எல்லாக் கடமையும் முடியட்டும்' என்று அவர்கள் காத்திருந்திருந்தால், எல்லாத் தேசங்களுமே அல்லவா பாக்கியாகியிருக்கும்?

ஆகையால் நேயர்களே, நார்வேக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. கொடைக்கானலோ, கன்னியாகுமரியோ, எதுவாயினும் சரி. முழங்கால் நன்றாயிருக்கும்போதே ஓர் உண்டியலை வாங்கி வையுங்கள். எங்கே போவதென்பதை மட்டும் இந்தத் தடவை வீட்டு அம்மாள் சொல்லட்டும்!